பில்டு முடிந்தது என்று எழுதிய தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மென்பொருள் தொகுப்பான போர்ட்ஸில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பேக்கேஜை நீ பொறுப்பெடுத்துக்கொண்டதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஃப்ரீபிஎஸ்டியின் 14-ஆம் பதிப்புக்கு மாறியதும் அது பில்டு ஆகாமல் (மூலநிரலிலிருந்து இயங்கும் மென்பொருளாக உருவாகாமல்) நின்றது என்றும், அறிவிக்கப்படாத ஃபங்ஷன் பற்றிய பிழையை வெறும் எச்சரிக்கையாகக் குறைக்கும் ஃபிளாக் ஒன்றை, பில்டு வழிமுறைகள் அடங்கிய மேக்ஃபைலில் சேர்த்ததும் முடிந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை இன்றே எடுத்துவிடு. இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

சி மொழியின் பழைய வழக்கப்படி, எந்த ஹெடரிலும் (ஃபங்ஷன்களை அறிவிக்கும் கோப்பிலும்) அறிவிக்கப்படாத ஃபங்ஷனை நிரல் அழைத்தால், அது ஓர் 'இன்ட்' (முழு எண்) திருப்பித் தரும் என்று, நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் தானாகவே வைத்துக்கொள்ளும். 1999-ஆம் ஆண்டுத் தரநிலை இந்த வழக்கத்தை நீக்கிவிட்டது. பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாதே என்று கம்பைலர்கள் மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் எச்சரிக்கையோடு அதை விட்டுவைத்திருந்தன. 2023-இல் வந்த கிளாங் 16, 2024-இல் வந்த ஜிசிசி 14 ஆகிய கம்பைலர்கள்தாம் அதைப் பிழையாக்கின. ஃப்ரீபிஎஸ்டி 14.0 கிளாங் 16-உடன் வெளிவந்தது. அதனால்தான் முந்தைய பதிப்பில் சத்தமில்லாமல் பில்டு ஆன பேக்கேஜ் இப்போது நிற்கிறது.

நீ அனுப்பிய பகுதியைப் பார்த்தேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பாராமல் ஒரு சொல்லைத் தேடும் ஃபங்ஷன் அது. திருப்பித் தருவது ஒரு பாயின்டர், அதாவது நினைவக முகவரி. 64 பிட் கணினியில் பாயின்டருக்கு 64 பிட், இன்ட்டுக்கு 32 பிட். நிரலாளர் அந்த விடையைத் தானே பாயின்டராக மாற்றி எழுதியிருப்பதால், உன் ஃபிளாக்கோடு கம்பைல் செய்தால் வேறு பிழை வராது; முகவரியின் மேல் பாதி வெட்டுப்பட்டுப் போகும். தேடிய சொல் கிடைக்காவிட்டால் வருவது பூஜ்யம். அதை வெட்டினாலும் பூஜ்யம்தான். சொல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் இடங்களும் ஒழுங்காக ஓடும். கிடைத்த இடத்திலிருந்து மேற்கொண்டு படிக்கப் போகும்போதுதான் நிரல் விழும். நீ செய்த சோதனை அந்த வழியைத் தொட்டிருக்காது. பயன்படுத்துபவர் ஒருநாள் தொடுவார். அவருக்கு விடை சொல்லும் லாக் (பதிவுக் கோப்பு) எதுவும் இருக்காது.

சரி, ஹெடரைச் சேர்த்தும் அந்த ஃபங்ஷன் ஏன் தெரியவில்லை? மூலநிரலின் தலைப்பில் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரநிலைக்கான மேக்ரோ (ஹெடர்கள் பார்க்கும் ஒரு குறிச்சொல்) வரையறுக்கப்பட்டிருக்கிறது, பார். அது இருந்தால் ஃப்ரீபிஎஸ்டியின் ஹெடர்கள் அந்தத் தரநிலைக்குள் அடங்கியவற்றை மட்டும் காட்டி, மற்றவற்றை மறைத்துவிடும். லினக்சில் அதற்குப் பக்கத்திலேயே க்னூ நீட்சிகளுக்கான மேக்ரோவையும் எழுதி எல்லாவற்றையும் திறந்துகொள்கிறார்கள்; இந்த நிரலை எழுதியவர் அங்கே மட்டும் சோதித்திருக்கிறார். போசிக்ஸ் வரியை நீக்கும் சிறிய பேட்ச் (திருத்தக் கோப்பு) போதும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது பில்டுக்கு முன் ஓடும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட். கணினியில் ஒரு வசதி இருக்கிறதா என்று அறிய அது சின்னச் சின்ன நிரல்களை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கிறது. பழைய ஸ்கிரிப்டுகளில் அந்தச் சோதனை நிரல்களே தேவையான ஹெடரைச் சேர்க்காமல் இருப்பதுண்டு. புதிய கம்பைலர் அவற்றை நிராகரிக்கும். நிராகரித்தது சோதனை நிரலின் கோளாறால் என்பது ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. 'இந்த வசதி இல்லை' என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடும். பில்டு வெற்றியோடு முடியும், பேக்கேஜில் ஒரு வசதி மட்டும் காணாமல் போயிருக்கும். ஆகவே கம்பைலர் மாறும்போதெல்லாம், இந்தச் சோதனைகளின் முடிவுகளைத் தாங்கிய கன்ஃபிக் ஹெடரில், பழைய கம்பைலரில் உருவானதையும் புதியதில் உருவானதையும் டிஃப் போட்டு வேறுபாட்டைப் பார். 'ஆம்' ஒன்று 'இல்லை'யாக மாறியிருந்தால் கன்ஃபிக் லாக்கைத் திற. அந்தச் சோதனை நிரலும் கம்பைலர் சொன்ன பதிலும் அப்படியே அதில் இருக்கும்.

எல்லா எச்சரிக்கையும் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. எச்சரிக்கைகள் அனைத்தையும் பிழையாக்கும் ஃபிளாக்கை மூலநிரலாளர் தன் வசதிக்காகப் போட்டிருந்தால், அதைத் தாராளமாக எடு. நாளை வரும் கம்பைலர் புதிதாக எதை எச்சரிக்கும் என்று அவரால் அறிந்திருக்க முடியாது.

பதிவிறக்கிய கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்ணான செக்சம் பொருந்தாமல் போனாலும், எப்படியாவது முடித்துவிடும் இதே பதற்றம் வரும். மேக்சம் என்று ஒரு கட்டளை கொடுத்தால் புதிய எண்ணை எழுதிக்கொண்டு அமைதியாகிவிடும். மூலநிரல் அடங்கிய பழைய டார் கோப்பையும் புதியதையும் விரித்து ஒப்பிடாமல் அதைச் செய்யவே கூடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டதே, அதைப் பில்டுக்குள் இழுத்துவரும் ஸ்கிரிப்ட் வெளியீட்டு டார் கோப்பில் மட்டும்தான் இருந்தது; மூலநிரல் மாற்றங்கள் பதிவாகும் கிட் களஞ்சியத்தில் இல்லை. அங்கே செக்சம் எல்லாம் சரியாகவே பொருந்தின. தொலைகணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியே நுழைவது அரை வினாடி தாமதமாவது ஏன் என்று தோண்டிப் பார்த்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அதை வெளிக்கொண்டுவந்தார். பொருந்தும்போதே இப்படி என்றால், பொருந்தாத கோப்பை எப்படிக் கண்ணை மூடி ஏற்பது?

லாக் படிப்பது பற்றிக் கேட்டிருந்தாய். கடைசி வரியில் இருப்பது, பில்டை நடத்தும் மேக் கட்டளை நின்றுபோன செய்தி மட்டுமே. மேலிருந்து முதல் பிழையைத் தேடு. பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒன்று விழுந்த பிறகும் மற்றவை அச்சிட்டுக்கொண்டே இருப்பதால், உண்மையான பிழை நூற்றுக்கணக்கான வரிகளுக்கு மேலே புதைந்துவிடும். ஒற்றை வேலையாக மறுபடி ஓட்டினால் தெளிவாகும். அப்படி ஓட்டும்போது பிழையே மறைந்துவிட்டால் எது முதலில் உருவாக வேண்டும் என்ற சார்பு வரிசை மேக்ஃபைலில் தவறு. பேக்கேஜ்களைத் தனிச் சூழலில் பில்டு செய்யும் கருவியான பூட்ரியேரில் பில்டு ஆகி, கையால் ஓட்டும்போது உடைவதற்கு இது ஒரு காரணம்: தனியாக அனுமதிக்காவிட்டால் பூட்ரியேர் ஒவ்வொரு பேக்கேஜையும் ஒற்றை வேலையாகவே ஓட்டும். கம்பைலர் காரணமே சொல்லாமல் 'கில்டு' என்று செத்தால் நிரலைக் குறை சொல்லாதே, இயங்குதளத்தின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜைப் பார்; நினைவகம் தீர்ந்திருக்கும்.

ஹெடர் கிடைக்கவில்லை என்றால் முதலில் பாதையைச் சந்தேகி. கூடுதல் மென்பொருள்கள் நிறுவப்படும் யூஎஸ்ஆர் லோக்கல் அடைவுக்குள் கம்பைலர் தானாகப் போய்ப் பார்க்காது. மேக்ஃபைலின் இலக்கணமே பிடிக்கவில்லை என்றால் க்னூவின் மேக் கருவியான ஜிமேக் தேவைப்படுகிறது. உன் கணினியில் பில்டு ஆவது பூட்ரியேரின் சுத்தமான ஜெயிலில் (தனிமைப்படுத்திய சூழலில்) ஆகவில்லை என்றால் ஜெயில் சொல்வதையே நம்பு. நீ என்றோ நிறுவிய ஏதோ ஒரு லைப்ரரியைக் கன்ஃபிகர் மோப்பம் பிடித்திருக்கிறது, அந்தச் சார்பு மேக்ஃபைலில் எழுதப்படவில்லை.

பேட்ச் தயாரானதும் காரணத்தை இரண்டு வரியில் எழுதி மூலநிரலாளருக்கும் அனுப்பு. நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் மென்பொருள் தொகுப்பான பிகேஜிசோர்ஸிலும் யாராவது இதே இடத்தில் முட்டிக்கொண்டிருக்கலாம். அடுத்த முறை எனக்கு எழுதும்போது லாக் முழுவதையும் இணை, கன்ஃபிக் லாக்கும் சேர்த்து.

அன்புடன்,
அண்ணன்