பாலாற்றைத் தாண்டினால் போதும்

காட்பாடி,
ஞாயிறு.

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

"வலியே இல்லையேப்பா, ஆபரேஷன் எதுக்கு, சும்மா விடுங்க" என்று போனில் சொன்னாய். எனக்குப் பேச வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன மாசம் இடது இமை பாதி இறங்கிவிட்டது. கடையில் சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கும்போது ஒவ்வொரு ஸ்போக்ஸும் ரெண்டாகத் தெரிந்தது. கண்ணாடிக் கடையில் பவரை மாற்றிக் கொடுத்தார்கள், காசுதான் போனது. கடைசியில் தலையைப் படமெடுத்தால், மூளை ரத்தக்குழாயில் ஒரு புடைப்பு. 26 மில்லிமீட்டர். அதுதான் கண்ணையும் இமையையும் அசைக்கும் நரம்பை அழுத்துகிறது.

மிளகு அளவு என்றால் அப்பப்போ படமெடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாமாம். என்னுடையது பெருநெல்லி. 2003-ல் வந்த பன்னாட்டு ஆய்வில், 25 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை, இருக்கும் இடத்தைப் பொறுத்து, 100-க்கு 40, 50 பேருக்கு 5 வருஷத்துக்குள் வெடித்திருக்கின்றன.

சைக்கிள் கடைக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். டயர் கிழிந்த இடத்தில் ட்யூப் புடைத்து நின்றால் அந்த வண்டியை மிதிக்க விடமாட்டேன். உள்ளே பழைய டயர் துண்டு ஒன்றை வைத்துத்தான் அனுப்புவேன். டாக்டர் செய்யப்போவதும் கிட்டத்தட்ட அதுதான். தொடை வழியாக மெல்லிய வலைக்குழாயைக் கொண்டுபோய் ரத்தக்குழாய்க்குள் வைப்பார்கள். புடைப்புக்குள் ரத்தம் போவது குறைந்து, சில மாசத்தில் அது உறைந்து அடங்க வேண்டும். அதிலும் பக்கவாதம், உயிர் ஆபத்து உண்டு, மறைக்காமல் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் உன் அத்தையை நினைத்துப் பார். துணி காயப்போட்டவள், "மண்டையில யாரோ அடிச்ச மாதிரி இருக்குண்ணே" என்று உட்கார்ந்தாள். வேலூர் வெயில்தானே என்று மோர் கரைத்துக் கொடுத்தோம். டம்ளரில் பாதி அப்படியே இருந்தது.

அவளுக்கு வெடித்ததும் இதே மாதிரி புடைப்புதான். ஒரே குடும்பத்தில் ரெண்டு பேர் என்பதால் நீயும் டாக்டரைக் கேட்டுப் படமெடுத்துக்கொள். பிரஷர் பார். சிகரெட்டை விடு. நான் பீடியை விட்டு 19 நாள் ஆகிறது, அதனால் கேட்கிறேன்.

1949-ல் நாட்டின் முதல் மூளை அறுவைப் பிரிவை டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில். வங்காளத்திலிருந்தெல்லாம் ரயிலேறி இங்கே வந்து இறங்குகிறார்கள். நான் பாலாற்றைத் தாண்டினால் போதும்.

16-ம் தேதி சேர்க்கிறார்கள். லீவு கிடைத்தால் வா. இல்லாவிட்டால் கையெழுத்துப் போட அம்மா இருக்கிறாள். கடைச் சாவி சாமி படத்துக்குப் பின்னால். அந்த நீலச் சைக்கிளை மட்டும் யாரும் எடுத்துப்போக விடாதே, பின் சக்கரத்தில் கோட்டம் இன்னும் பாக்கி.

அப்பா