தீர்ப்புக்குப் பிறகும் ஒரு தவணை போடுங்கள்

யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகளுக்கு,

வணக்கம். உங்களோடு எனக்குக் கோபம் இல்லை, ஒரு மனக்குறை இருக்கிறது. தீர்ப்புச் சொன்ன அன்று எங்கள் சட்டத்தரணி கறுப்புக் கோட்டை மடித்துக்கொண்டே, “இனி சிறைச்சாலைக்காரர் பார்ப்பினம்” என்றார். எட்டு வருடமாக அவர்கள்தான் பார்க்கிறார்கள். எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

உள்ளே இருப்பது என் அத்தான். செய்தது பிழைதான், அவரே மறுக்கவில்லை. புன்னாலைக்கட்டுவன் செம்மண்ணில் வெங்காயம் செய்தவர். போனமுறை இரவு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தபோது கம்பிவலையில் கையை வைத்தார். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிக் கிடந்த அந்த உள்ளங்கை வெளிறிப்போய், கந்தோர்க்காரரின் கை மாதிரி இருந்தது. அவ்வளவு சனத்தின் கூச்சலுக்குள் அவர் கேட்டது ஒன்றுதான்: “திறந்தவெளி முகாமுக்குப் பேர் குடுத்தனான். ஏன் விடேல்லை எண்டு ஆரிட்டக் கேக்கிறது?”

அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

பல்லேகலையிலும் அநுராதபுரத்திலும் திறந்தவெளிச் சிறைமுகாம்கள், அதாவது கைதிகளை மதிலுக்கு வெளியே தோட்ட வேலை செய்யவிடும் முகாம்கள், இருக்கின்றன. மற்றச் சிறைகளில் கொள்ளளவைப் போல இருமடங்குக்கு மேல் ஆட்களை அடைத்து வைத்திருக்கும் நாட்டில், தகுதியுள்ளவரை வெளியில் விட்டுத் தோட்டம் செய்விப்பதில் யாருக்கு என்ன நட்டம்? “கொலை செய்தவனுக்குத் தோட்டமோ?” என்று எங்கள் சந்திக் கடையிலும் ஒருவர் கேட்டார். கேட்கட்டும். தகுதி இல்லாதவரை விடச் சொல்லி நான் எழுதவில்லை. யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்பது ஒரு கோப்புக்குள் மட்டும் முடிந்துபோகக் கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

இந்தியாவைப் பாருங்கள். ராஜஸ்தானில் சங்கனேர் முகாம் 1963இல் தொடங்கியது. கைதிகள் அங்கே குடும்பத்தோடு இருக்கிறார்கள், வெளியே வேலைக்குப் போய் உழைக்கிறார்கள், வரவு எடுக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். திறந்தவெளி முகாம்களின் பரப்பைக் குறைக்கக் கூடாது என்று 2024 மே மாதம் அங்குள்ள உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரி கட்டவென்று சங்கனேர் முகாமின் காணியில் ஒரு துண்டை ஒதுக்கினார்கள். விஷயம் நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ் வரைக்கும் போனது. (ஆஸ்பத்திரி நல்ல விஷயந்தான், அதற்கும் இந்தக் காணிதானா கிடைத்தது?) நீதிமன்றம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இப்படி என்றால், பார்க்காத இடத்தில் என்ன நடக்கும்?

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 1877ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே நீதவான் சிறைக்குள் போய்ப் பார்க்க இடம் இருக்கிறது. அவர் முன்னறிவித்தல் இல்லாமல் முகாமுக்கும் போகட்டும். விண்ணப்பித்தவர், தெரிவானவர், தெரிவாகாதவர் எல்லோருடைய பட்டியலும் ஆறு மாதத்துக்கு ஒருதரமாவது நீதிமன்றத்துக்கு வரட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில், தமிழருக்குத் தமிழில் கொடுக்கட்டும். முகாமில் இருந்தவரைத் திரும்பவும் மதிலுக்குள் அனுப்புவதென்றால் அதற்கு முன் அவருடைய பக்கத்தையும் கேட்கட்டும். சரி, நாங்கள் போய்க் கேட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கோட்டுப் போட்ட நீங்கள் மனுவோடு போய்க் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்?

அத்தானின் விண்ணப்பப் படிவத்தின் போட்டோக் கொப்பி என்னிடம் இருக்கிறது. முழுக்கச் சிங்களம், கீழே கையெழுத்து மட்டும் தமிழில். எந்த நாள் கொண்டுவர என்று சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.