படிக்கட்டுக் கதவில் ஒரு சங்கிலி

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில், அடுக்குமாடி வீடுகளுக்கு அட்டை தொட்டுத் திறக்கும் கதவுகள் வந்த பிறகு திருட்டுப் பயம் குறைந்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். குறைந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வெளியே இருந்து உள்ளே வருகிறவனைப் பற்றித்தான் முழுக்க எழுதியிருக்கிறார். உள்ளே இருந்து வெளியே ஓட வேண்டியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது பினாங்கு ஜெலுத்தோங்கில், ஒன்பதாவது மாடி. இரண்டு வாரத்துக்கு முன்பு விடியற்காலை மூன்று மணி இருக்கும், அலாரம் அடித்தது. ஆறாவது மாடிக் குப்பை அறையில் புகை. முன் படிக்கட்டு அந்த அறையை ஒட்டியே இருப்பதால் எல்லாரும் பின் படிக்கட்டில் இறங்கினோம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 78 வயது, முட்டி வலி, "தம்பி, நீ முன்னால போ, நான் மெதுவா வரேன்" என்று சொல்லிச் சொல்லி என் தோளைப் பிடித்துக்கொண்டே ஒன்பது மாடி இறங்கினார். கீழே வந்தால் கதவுக்கு முன்னால் இருபது பேர் நிற்கிறார்கள். அட்டை தொட்டால் திறக்கும் கதவின் காந்தப் பூட்டில் பச்சை விளக்கு எரிகிறது, அலாரம் அடித்ததும் அது தன் வேலையைச் செய்து கதவை விட்டுவிட்டது. ஆனால் கைப்பிடியைச் சுற்றி ஒரு இரும்புச் சங்கிலி, அதில் தொங்கும் பூட்டு. ஜாகா (காவலாளி) தம்பி சாவியைத் தேடி எடுத்து வர பத்து நிமிடம் ஆனது. ஒரு கைக்குழந்தை இருமிக்கொண்டே இருந்தது, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏன் சங்கிலி என்று மறுநாள் நிர்வாகத்தைக் கேட்டேன். "கரண்ட் போனால் கதவு தானாகத் திறந்துகொள்கிறது அங்கிள், யார் வேண்டுமானாலும் நுழையலாம்" என்றார்கள்.

நான் 22 வருடம் வயரிங் வேலை பார்த்தவன். காந்தப் பூட்டு என்பது மின்காந்தம்தான். 12 வோல்ட், அரை ஆம்பியர் அளவு மின்சாரம் ஓடும்வரை கதவில் உள்ள இரும்புத் தகட்டை இழுத்துப் பிடிக்கும். சாதாரணமாகப் பொருத்துவதே 600 பவுண்டு, அதாவது 270 கிலோ இழுத்தாலும் விடாது. மின்சாரம் நின்ற நொடியில் விட்டுவிடும். அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் 173ஆவது விதி இதைத்தான் சொல்கிறது: வெளியேறும் கதவைச் சாவி இல்லாமல், தனியாக எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லாமல், உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும். மின்சாரம் போனாலோ தீ அலாரம் அடித்தாலோ காந்தப் பிடிப்பு விட்டுவிட வேண்டும். சரி, அப்படி விடுகிற கதவுக்குச் சங்கிலி போட்டால் அந்த விதிக்கு என்ன அர்த்தம்?

திருடன் பயம் நியாயம்தான், அதற்கு வழியும் இருக்கிறது. பின் படிக்கட்டுக் கதவுக்குக் காந்தமே வேண்டாம். உள்பக்கம் இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு தள்ளுகம்பி, வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பவர் உடம்பால் தள்ளினால் திறக்கும், வெளியே இருப்பவனுக்குத் திறக்காது. யாராவது தேவையில்லாமல் திறந்தால் சத்தம் போட ஒரு சின்ன அலாரம் வைக்கலாம். பேரங்காடிகளில் தினமும் பார்க்கிற கதவுதான் இது, புது விஷயம் ஒன்றும் இல்லை.

அப்புறம், அந்த அட்டையை இவ்வளவு நம்புவதும் சரியில்லை. 125 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் வேலை செய்யும் பழைய அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஒரு எண் மட்டும்தான் இருக்கிறது, ரகசியக் குறியீடு எதுவும் கிடையாது. வாசிக்கும் கருவி கேட்டால் யாரிடமும் அந்த எண்ணைச் சொல்லிவிடும். சாவி நகல் எடுக்கும் கடையிலேயே இன்னொன்று எடுத்துத் தருகிறார்கள், என் மருமகனுக்கு அப்படித்தான் ஒன்று எடுத்தோம், ஐந்து நிமிட வேலை. மைஃபேர் கிளாசிக் என்ற கொஞ்சம் உயர்ந்த வகை அட்டையின் குறியீட்டையும் 2008இலேயே நெதர்லாந்து ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். முன்வாசலில் இவ்வளவு ஓட்டையை வைத்துக்கொண்டு, பின்கதவுச் சங்கிலியால் திருடனைத் தடுக்கிறோம் என்று சொன்னால் நான் எப்படி ஒத்துக்கொள்வது?

சங்கிலியைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்கிறார்கள் நிர்வாகத்தினர். அதுவரை சங்கிலி அங்கேதான் இருக்கும். நேற்றிரவுகூட இறங்கிப் போய்ப் பார்த்தேன், இருந்தது. இதைப் படிக்கும் வாசகர்கள் தயவுசெய்து இன்று இரவே உங்கள் கட்டடத்தின் பின் படிக்கட்டில் கீழ்வரை இறங்கி, கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் படம் எடுத்து பொம்பாவுக்கு (தீயணைப்புத் துறைக்கு) புகார் கொடுங்கள். நான் திங்கட்கிழமை காலை கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு