பேத்தி வளரப்போகும் ஊர்

அன்புள்ள கயல்,

நாங்கள் இருவரும் நலம். மாப்பிள்ளைக்கு ஒசாகாவில் வேலை அமையும் போலிருக்கிறது, நைரோபியிலேயே இருப்பதா கிளம்புவதா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் கோர்வையாக வராது, அதனால் எழுதுகிறேன். சம்பளக் கணக்கை நீங்களே போட்டிருப்பீர்கள். பேத்திக்கு முப்பது வயதாகும்போது இந்த இரண்டு ஊரும் எப்படி இருக்கும் என்பதுதான் என் யோசனை.

ஜப்பான் கெட்டுப்போகாது. ரயில் நேரத்துக்கு வரும், தெரு சுத்தமாக இருக்கும், ஏறி இறங்கத்தான் ஆள் குறைவாக இருக்கும். 2016-ல் அங்கே ஒரு வருடத்துப் பிறப்பு பத்து லட்சத்துக்குக் கீழே இறங்கியது. 2024-ல் ஏழு லட்சம்கூட இல்லை. ஆளில்லாமல் கிடக்கும் வீடுகள் மட்டும் 90 லட்சம். நான் கப்பலில் இருந்த காலத்திலேயே மோஜி துறைமுகத்தில் கயிறு பிடித்துக் கட்ட வந்தவர்கள் பெரும்பாலும் உன் தாத்தா வயதுக்காரர்கள். 2019-லிருந்து தனி விசா கொடுத்து வெளிநாட்டு ஆட்களைக் கூப்பிடுகிறார்கள், இன்னும் அகலமாகக் கதவைத் திறப்பார்கள். ஒசாகா தாக்குப்பிடிக்கும், சுற்றியுள்ள சிற்றூர்கள் தாங்காது. நம் குழந்தை சம்பாதிக்கும் வயதில், அவள் கட்டும் வரியில் பெரும்பங்கு முதியவர்களின் பென்ஷனுக்கும் வைத்தியத்துக்கும் போகும்.

துபாயையும் யோசிக்கலாமே என்று அத்தை சொன்னாளாம். கோடை நண்பகலில் வெளிவேலைக்கு அங்கே இப்போதே தடை. அந்த வெயில் இன்னும் ஏறத்தான் போகிறது. வேண்டாம்.

கென்யாவில் ஏறக்குறையப் பாதிப் பேர் இருபது வயதுக்குள் இருப்பவர்கள். 2050-ல் உலகத்தில் நாலில் ஒருவர் ஆப்பிரிக்கர் என்று ஐ.நா. கணிக்கிறது. மொம்பாசாவில் கரையிறங்கியபோது சுகுமா கீரை விற்ற ஒரு அம்மாளிடம் என்னோடு வந்த உள்ளூர் ஏஜென்ட் சில்லறை எடுக்கவே இல்லை. பட்டன் போனில் பணம் வந்துவிட்டதாக எம்-பெசா மெசேஜ் வந்ததைப் படித்துப் பார்த்துவிட்டுக் கீரைக் கட்டை நீட்டினாள். போனிலேயே பணம் அனுப்ப 2007-ல் தொடங்கிய ஏற்பாடு அது. நம்மூரில் அன்று எல்லாமே ரொக்கம்தான். நைவாஷா பக்கம் ஓல்காரியாவில் பூமிக்கடி நீராவியில் டர்பைன் ஓடுகிறது, நாட்டின் மின்சாரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு இந்த நீராவியிலிருந்துதான். இன்ஜின் ரூமிலேயே ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன், இப்படி மழையையும் டீசலையும் நம்பாத கரண்டும் இளவயதுக் கைகளும் சேர்ந்த இடத்துக்குத் தொழிற்சாலை வந்தே தீரும்.

பயம் இல்லாமல் இல்லை. ரயில் பாதைக்கு வாங்கிய சீனக் கடன் உட்பட எல்லாக் கடனும் கழுத்தை இறுக்குகிறது. 2024 ஜூனில் வரி மசோதாவை எதிர்த்து இளவட்டங்கள் தெருவில் இறங்கியபோது உன் போன் கிடைக்காமல் நானும் அம்மாவும் தவித்துப் போனோம். பிள்ளைகள் சிலர் செத்தே போனார்கள். மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் வேலை கொடுக்காதவரை அந்தக் கோபம் மறுபடி வரும். அடுத்த பத்து வருடம் கடினமாகத்தான் இருக்கும். அதைத் தாண்டினால் கிழக்கு ஆப்பிரிக்கா எழுந்து நிற்கும் என்று நான் மனதார நம்புகிறேன்.

அதனால் இருங்கள். பேத்தியை ஸ்வாஹிலி ஒழுங்காகச் சொல்லித்தரும் பள்ளியில் சேருங்கள். வெறும் இங்கிலீஷோடு வளர்ந்தால் அந்த ஊரில் அவள் கடைசிவரை விருந்தாளிதான். ஜனவரி அட்மிஷனுக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்று எழுது, பாதி நான் தருகிறேன். மாப்பிள்ளையிடமும் கேட்டுவிட்டு முடிவைச் சொல்.

அன்புடன்,
அப்பா
தூத்துக்குடி