டிஸ்க் போடுகிற பெட்டியாகப் பார்த்து வாங்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். மாசியில் பீலிக்கான் திருவிழாவுக்கு வரும்போது தம்பிக்கு ப்ளேஸ்டேஷன் 5 என்ற கேம் பெட்டி வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தாய். டிஸ்க் போட வழியில்லாத டிஜிட்டல் மாடல் விலை குறைவாக இருக்கிறதே, அதையே எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். சிங்கப்பூரில் உன் அறையில் வைத்து விளையாட அது போதும். ரங்கூனுக்கு ஒத்துவராது. ஏன் என்பதையும், பெட்டியைக் கட்டுவதற்கு முன் நீ அங்கேயே முடிக்க வேண்டிய வேலைகளையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் கணக்கு. இப்போது வருகிற பெரிய கேம் ஒன்று 100 ஜிபி இருக்கும். நம் வீட்டு நெட் நல்ல நாளில் 10 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள். ஒரு நொடிகூட நிற்காமல் இறங்கினால் 22 மணி நேரம் பிடிக்கும். இங்கே கரண்ட் அத்தனை மணி நேரம் சேர்ந்தாற்போல் இருப்பதில்லை. 2021இல் பிப்ரவரி 15 முதல் இரவு 1 மணியிலிருந்து காலை 9 மணிவரை நெட்டை அறுத்ததும், மார்ச் 15க்குப் பிறகு மொபைல் டேட்டா வாரக்கணக்கில் வராததும் உனக்கு நினைவிருக்கும். ஆன்லைன் கடையிலிருந்து கேமை இறக்கித்தான் ஆக வேண்டும் என்ற பெட்டி அந்த மாதிரி நாளில் மேசையில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

நெட் பிரச்சினையாவது ஒரு நாள் சரியாகலாம். அதைவிடப் பெரிய விஷயம், டிஜிட்டலில் "வாங்கு" என்ற பொத்தானை அழுத்தினால் உனக்கு என்ன கிடைக்கிறது என்பது. கேம் கிடைப்பதில்லை, அதை ஆடுவதற்கான லைசென்ஸ்தான் கிடைக்கிறது. விற்க முடியாது, அடுத்த வீட்டுப் பையனுக்குக் கொடுக்க முடியாது, கம்பெனி நினைத்தால் திரும்பப் பெறலாம். கலிஃபோர்னியாவில் இதற்காகவே சட்டம் போட்டார்கள். 2025 ஜனவரி 1 முதல், திரும்பப் பெறக்கூடிய லைசென்ஸை விற்கிறவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்ற சொல்லைப் போடக்கூடாது. கணினி கேம் விற்கிற ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் பணம் கட்டும் இடத்தில் இது லைசென்ஸ்தான் என்று ஒரு வரி வருகிறதே, 2024 அக்டோபரில் சேர்த்தது.

டிஸ்க் இருந்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்காதே. 2014 டிசம்பரில் யூபிசாஃப்ட் "தி க்ரூ" என்று ஒரு கார் ஓட்டும் கேம் வெளியிட்டது. தனியாக ஓட்டினாலும் நெட் வழியாகக் கம்பெனியின் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தோடு செய்தது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். டிஜிட்டலில் வாங்கியவனுக்கும் போச்சு, டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவனுக்கும் போச்சு. அதிலிருந்து கிளம்பியதுதான், விற்ற கேமை இப்படிச் சாகடிக்கக்கூடாது என்று கேட்கிற ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் என்ற இயக்கம். ஐரோப்பாவில் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். கத்தினால் பலன் இல்லாமல் போவதில்லை. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற தன் கேம் பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நெட்டில் தலைகாட்ட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னபோது எழுந்த கூச்சலில், ஜூன் 19 அன்று அதைக் கைவிட்டது. ஆனால் அன்று முன்வாசலில் விரட்டியது கேம் கேமாகப் பின்வாசலில் நுழைந்துவிட்டது.

அதனால் டிஸ்க் வாங்கும்போது அட்டையைப் படிக்கப் பழகு. மூன்று வகை உண்டு. ஒன்று, முழு கேமும் டிஸ்க்கில் இருக்கும், போட்டால் ஓடும். இரண்டாவது, டிஸ்க் வெறும் சாவி. 2022இல் வந்த கால் ஆஃப் ட்யூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பி. 2025இல் வந்த டூம் தி டார்க் ஏஜஸ் டிஸ்க்கில் சுமார் 85 எம்பி. மீதியெல்லாம் நெட்டில்தான் இறங்க வேண்டும். மூன்றாவது வகைதான் ஏமாற்றும்: கேம் டிஸ்க்கில் இருக்கும், ஆனால் நெட் இல்லாமல் பாதிக் கதவு திறக்காது. தம்பி ஆசைப்படுகிற கிரான் டுரிஸ்மோ 7 அந்த ரகம். தனியாக ஆடுகிற முக்கியப் பகுதிக்கே நெட் கேட்கும். 2022 மார்ச்சில் வெளிவந்து இரண்டு வாரத்தில் சர்வர் பழுதாகி 30 மணி நேரத்துக்கு மேல் கிடந்தது. காசு கொடுத்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதை வாங்காதே, எவ்வளவு கெஞ்சினாலும்.

அட்டையில் "இன்டர்நெட் தேவை", "டவுன்லோட் தேவை" என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் பார். அட்டை மழுப்பினால், டஸ் இட் ப்ளே என்ற குழு ஒவ்வொரு டிஸ்க்கையும் நெட் இல்லாமல் போட்டுப் பார்த்து எழுதிவைத்திருக்கிறது. கேமின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடு. ப்ளேஸ்டேஷனை விட்டு நின்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் 2 பெட்டி பக்கம் மனம் போனால், கேம்-கீ கார்டு என்று அட்டையின் முன்பக்கம் அடியில் சாவிப் படத்தோடு போட்டிருப்பதைத் தவிர்த்துவிடு. கார்டு இருக்கும், உள்ளே கேம் இருக்காது. ஜப்பானில் மலிவாக விற்கிற ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடலையும் யாராவது தள்ளிவிடப் பார்ப்பார்கள். வேண்டாம், ஜப்பான் அக்கவுண்ட்தான் அதில் வேலை செய்யும்.

இனி பெட்டி. ப்ளேஸ்டேஷன் 5இன் மாடல் எண் சிஎஃப்ஐ என்று தொடங்கும். எண்ணுக்குப் பின்னால் ஏ என்றால் டிஸ்க் டிரைவோடு வருவது, பி என்றால் டிஜிட்டல். டிஜிட்டலை வாங்கிப் பிறகு டிரைவைத் தனியாக மாட்டிக்கொள்ளலாமே என்று கடைக்காரர் சொல்வார். 2023 நவம்பரிலிருந்து வரும் மெலிந்த மாடலில் மாட்ட முடியும், உண்மைதான். ஆனால் இதைக் கவனி: கழற்றி மாட்டுகிற இந்த டிரைவ், பெட்டியோடு முதல்முறை சேரும்போது நெட்டில் போய்ப் பதிவாக வேண்டும். பதிவாகாத டிரைவில் எந்த டிஸ்க்கும் ஓடாது. டிரைவோடு சேர்த்து வாங்குகிற பெட்டிக்கும் இதுதான். இங்கே கொண்டுவந்து பிரித்தால் முதல் நாளே நெட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். பிறகு டிரைவ் பழுதாகி வேறொன்று போட்டாலும் திரும்பப் பதிவு. ஆகவே சீல் பிரிக்காமல் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடு. அங்கேயே பிரி.

பிரித்ததும் உன் டிவியில் மாட்டி நெட் கொடு. டிரைவ் பதிவாகட்டும், சிஸ்டம் அப்டேட் முழுதாக முடியட்டும். அக்கவுண்ட் திறக்கும்போது நாடு சிங்கப்பூர் என்று போடு. நீ அங்கே இருக்கிறாய், அதில் தப்பில்லை. மியன்மார் என்று தேடாதே, ப்ளேஸ்டேஷன் செய்கிற சோனியின் பட்டியலில் நம் நாடு கிடையாது. ஒருமுறை போட்ட நாட்டைப் பின்னால் மாற்றவும் முடியாது. பட்டியலில் இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு 2024 மே மாதமே சாட்சி. ஹெல்டைவர்ஸ் 2 கேமைக் கணினியில் ஆடுகிறவர்களுக்கும் ப்ளேஸ்டேஷன் அக்கவுண்ட் கட்டாயம் என்று சோனி அறிவித்தது; அந்த அக்கவுண்ட் திறக்க வழியில்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் ஸ்டீமில் விற்பனையே நின்றது. கட்டாயத்தைச் சில நாளில் திரும்பப் பெற்றார்கள், எல்லா இடத்திலும் விற்பனை உடனே திரும்பவில்லை.

அக்கவுண்டுக்கு இரண்டு அடுக்குப் பாதுகாப்பு வைக்கும்போது எஸ்எம்எஸ் வேண்டாம், போனிலேயே கோடு காட்டுகிற அத்தென்டிகேட்டர் ஆப் வை. சிம் மாறினால் எஸ்எம்எஸ் வராது. கூடவே 10 பேக்கப் கோடு தருவார்கள்; தாளில் எழுதி கடை ரசீதோடு வை.

பிறகு செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ், அதர், அதற்குள் கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே. அதை ஆன் செய். டிஜிட்டலில் ஏதாவது வாங்கியிருந்தால் நெட் இல்லாதபோது ஓடுவதும் ஓடாததும் இந்த ஒரு சுவிட்சில் இருக்கிறது. தம்பிக்குத் தனி அக்கவுண்ட் தேவையில்லை, லோக்கல் யூசர் ஒன்று போட்டால் போதும், உன் கேமை அவன் ஆடலாம். ஆனால் ஒரு அக்கவுண்டுக்கு ஒரு பெட்டியில்தான் இது ஆன் ஆகும். நீ அங்கே இன்னொரு பெட்டி வாங்கி ஆசையாக ஆன் செய்தால் இங்கே பூட்டு விழும்.

வாங்கிய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு இன்ஸ்டால் செய், அப்டேட்டும் இறங்கட்டும். இறங்கியது பெட்டியில் அப்படியே இருக்கும், அழிக்கிறவரை. இடம் போதவில்லை என்று தம்பி கேமை அழித்தால் டிஸ்க்கில் இருப்பது திரும்பக் கிடைக்கும், அப்டேட் கிடைக்காது. அதற்கு வழி, ஒரு யூஎஸ்பி ஹார்ட்டிஸ்க். 250 ஜிபிக்குக் குறையக்கூடாது, யூஎஸ்பி 3 வேகம் இருக்க வேண்டும், ஹப் வழியாக மாட்டாமல் நேராகப் பெட்டியில் மாட்ட வேண்டும். ப்ளேஸ்டேஷன் 5 கேம் அதிலிருந்தே ஓடாது, ஆனால் அழிக்காமல் அங்கே நகர்த்தி வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. இதை விட்டுவிடாதே. செட்டிங்ஸில் நெட்வொர்க் போய் இன்டர்நெட் இணைப்பை ஆஃப் செய். பெட்டியை முழுதாக அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு ராத்திரி அப்படியே வை. காலையில் மாட்டி ஒவ்வொரு டிஸ்க்கையும் போடு. முதல் திரை வந்துவிட்டது என்று நிறுத்தாதே. முதல் கட்டம் முடிந்து சேவ் ஆகி, வெளியே வந்து திரும்பப் போனால் அந்த சேவ் திறக்கிறதா பார். அதில் தோற்கிற டிஸ்க்கை அங்கேயே யாருக்காவது விற்றுவிடு. டிஸ்க்கில் அந்த வசதியாவது இருக்கிறது.

பின்னால் இங்கே சிஸ்டம் அப்டேட் தேவைப்பட்டால் நெட் இல்லாமலும் போடலாம். பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்து, பிஎஸ்5 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்று ஒரு ஃபோல்டர், இரண்டு பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். சோனி தளத்தில் இறக்கிய ஃபைலைப் பெயர் மாற்றாமல் அதற்குள் போட்டு, சேஃப் மோடில் ஏற்ற வேண்டும். யாராவது ஊருக்கு வரும்போது நீ ஒரு பென்டிரைவ் கொடுத்தனுப்பினால் போதும்.

கரண்ட் விஷயம் நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன். பெட்டி ஆடும்போது சுமார் 200 வாட், டிவி 100 வாட். 12 வோல்ட் 100 ஏஎச் லெட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, இன்வெர்ட்டரில் போவதும் போக, ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு புத்தகத்தை எடுக்கட்டும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: தானாக ரெஸ்ட் மோடுக்குப் போவதை நிறுத்திவிட்டு வா. தூங்குகிற பெட்டியில் திடீரென்று கரண்ட் போனால் டேட்டாபேஸ் கெடும். கெட்டாலும் பயமில்லை; பவர் பொத்தானை இரண்டாவது பீப் வரும்வரை அழுத்திப் பிடித்தால் முன்பு சொன்ன சேஃப் மோடு வரும், கன்ட்ரோலரைக் கேபிளில் மாட்டி, ரீபில்ட் டேட்டாபேஸ் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

உன் தோழி சொன்ன மலிவு வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே அக்கவுண்டை ப்ரைமரி, செகண்டரி என்று பிரித்துப் பல பேருக்கு விற்கிற கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. ப்ரைமரி வாங்கியவனுக்கு நெட் இல்லாமல் ஓடும், செகண்டரிக்காரனுக்கு நெட் இல்லாமல் ஓடாது. பாஸ்வேர்ட் கடைக்காரரிடம் இருக்கிறவரை அவர் ஒரு நாள் எல்லாப் பெட்டியையும் கழற்றிவிட்டால் இரண்டு பேருக்கும் இல்லை. வாடகைக்கு இருந்த வீட்டை நமது என்று வெள்ளையடித்த கதைதான். செகண்ட்ஹேண்ட் பெட்டியும் அப்படியே, குறிப்பாக ஸ்விட்ச் 2. முன்பு வைத்திருந்தவர் கள்ள கார்டு போட்டு நின்டெண்டோ அதை நெட்டிலிருந்து தடுத்திருந்தால், ரீசெட் செய்தாலும் தடை போகாது. வாங்குவதற்கு முன் கடையிலேயே ஆன்லைன் கடையைத் திறக்கச் சொல்.

கடையில் ரசீது கேட்டு வாங்கு. சிங்கப்பூரில் லெமன் சட்டம் இருக்கிறது. 6 மாதத்துக்குள் தெரிகிற பழுது விற்கும்போதே இருந்ததாகத்தான் வைத்துக்கொள்வார்கள், இல்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். இன்னொரு காரணத்துக்காகவும் சீக்கிரம் வாங்கு: பழுது இருந்தால் திருவிழாவுக்கு முன்பே தெரியும், இங்கிருந்து திருப்பியனுப்ப வேண்டியிருக்காது.

பணம் கட்டுவதற்கு முன் பெட்டியின் மாடல் எண் தெரிகிற மாதிரி ஒரு படமும், நீ எடுக்கிற டிஸ்க் அட்டைகளின் முன்பக்கப் பின்பக்கப் படமும் எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா