பச்சை விளக்கு எரிந்த பிறகும் சூடேறிய சார்ஜர்: நெற்றி லைட் வாங்கியவரின் புகார்

நாள்: 12.06.2025

அனுப்புநர்:
மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் வாடிக்கையாளர்,
நிலக்கோட்டை வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: நெற்றி லைட்டுடன் வந்த சார்ஜர், லித்தியம் செல் விற்பனையை நிறுத்தவும், வாங்கியவர்களை எச்சரிக்கவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். மல்லிகை மொட்டை வெயில் ஏறுவதற்குள் பறித்தால்தான் சந்தையில் விலை போகும். அதனால் எங்கள் பக்கம் பூ எடுக்கும் பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்கிவிடுவார்கள். மார்ச்சில் பூ வரத்து கூடியதும் உங்களிடம் நான்கு நெற்றி லைட், அதற்குள் போடும் எட்டு லித்தியம் செல் (பேட்டரி), இரண்டு சார்ஜர் வாங்கினேன். மொத்தம் 3,160 ரூபாய். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஜூன் 3-ஆம் தேதி இரவு 9 மணிக்கு இரண்டு செல்லைச் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தேன். ஒன்றரை மணிக்கு ஏதோ வாடை அடித்து விழிப்பு வந்தது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் போலத் தித்திப்பான, மூக்கில் ஏறும் வாடை. போய்ப் பார்த்தால் சார்ஜரில், சார்ஜ் முடிந்துவிட்டது என்று காட்டும் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் ஒரு செல்லின் நீல உறை சுருங்கி, உள்ளே இருக்கும் தகரம் தெரிகிறது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகி வளைந்திருந்தது. சுவிட்சை அணைத்து, அடுப்படி இடுக்கியால் சார்ஜரோடு தூக்கி வாசலில் கிடந்த மணலில் எறிந்தேன். விழுந்த இடத்தில் அந்தச் செல் இரண்டு நிமிடம் சீறிப் புகைந்தது.

சார்ஜர் இருந்த மரப்பலகைக்கு நேர் கீழேதான் என் மாமியார் பாயில் படுத்திருந்தார். முழங்கால் வலிக்காரர், சட்டென்று எழுந்து ஓட முடியாது. அதை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் அண்ணன் மகன் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படிக்கிறான். தப்பித்த இன்னொரு செல்லை மறுநாள் காலை மீட்டர் வைத்து அளந்தான். 4.36 வோல்ட் காட்டியது. இந்த 18650 வகைச் செல் (18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயராம்) 4.2 வோல்ட்டைத் தொட்டதும் சார்ஜர் மின்னழுத்தத்தை அங்கேயே பிடித்து நிறுத்தி, கரண்ட்டைக் குறைத்துக்கொண்டே வந்து அணைந்துவிட வேண்டும். உங்கள் சார்ஜர் விளக்கின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே கரண்ட்டைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லை தாண்டி ஏற்றினால் செல் உள்ளுக்குள் கெட்டு, ஒரு கட்டத்தில் தன் சூட்டிலேயே தான் எரியத் தொடங்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் அது நிற்காது. மணலில் நான் பார்த்தது அதைத்தான்.

அப்புறம் அந்தச் செல்லைப் பூ நிறுக்கும் தராசில் வைத்தேன். 28 கிராம். நல்ல செல் சுமார் 45 கிராம் இருக்கும் என்றான் பையன். உறையில் 6800 மில்லி ஆம்பியர் மணி (செல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) என்று அச்சடித்திருக்கிறீர்கள். இந்த அளவுச் செல்லில் உலகத்தின் நல்ல கம்பெனிகளே பெரும்பாலும் 3500, 3600 வரைதான் தருகின்றன. கிராம் கணக்கில் பூ விற்றுப் பிழைக்கிற எங்களிடம் எடையிலும் அளவிலும் பொய் சொல்லியிருக்கிறீர்கள். செல்லின் மேல் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும் இல்லை, ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லை.

உங்கள் சேவை எண்ணுக்கு மூன்று முறை பேசினேன். "இரவு முழுக்கச் சார்ஜ் போட்டது உங்கள் தவறு, வாரண்டி கிடையாது" என்றார்கள். முதலில், இரவு முழுக்க நான் போடவில்லை. நாலரை மணி நேரம்தான். அடுத்து, பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளை இத்துடன் நகலெடுத்து இணைத்திருக்கிறேன். "முதல் முறை 10 முதல் 12 மணி நேரம் சார்ஜ் செய்யவும்" என்று ஆங்கிலத்தில் நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். ஊரில் முன்பு இருந்த ஈய பேட்டரி லைட்டுகளை எல்லோரும் இராத்திரி போட்டு விடியலில் எடுத்துத்தான் பழக்கம். லித்தியம் வேறு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அந்தத் துண்டுத்தாளில் இப்படி எழுதியிருக்கலாம்: விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். மரம், பாய், துணி பக்கத்தில் வேண்டாம், சிமெண்ட் தரையில் வையுங்கள். உறை கிழிந்த செல்லைப் பயன்படுத்தவே வேண்டாம், ஏனென்றால் மேல்முனை தவிர உடம்பு முழுக்க மைனஸ்தான். சில்லறையோ சாவியோ கிடக்கும் சுருக்குப்பையில் போட்டால் தீப்பிடிக்கலாம். தமிழில் இந்த நாலு வரி போதுமே. எங்கள் தோட்டத்துப் பெண்கள் மாற்றுச் செல்லைச் சுருக்குப்பையில்தான் வைத்திருந்தார்கள். இப்போது நானே சொல்லி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, நான் கேட்பது இதுதான். பணத்தைத் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியமாக, இந்தச் சார்ஜரை வாங்கிய ஒவ்வொருவருக்கும், அதை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று தமிழில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அவர்களுடைய கைபேசி எண்கள் உங்களிடம் இருக்கின்றன. எங்கள் ஊரில் மட்டும் இன்னும் ஆறு வீட்டில் இதே பெட்டி இருக்கிறது; அவர்களிடம் நான் சொல்லிவிட்டேன். மற்ற ஊர்க்காரர்களுக்கு உங்களால்தான் சொல்ல முடியும்.

சரியான பயன்பாட்டு முறையையும் எச்சரிக்கையையும் தராமல் பொருளை விற்றால் அதனால் வரும் கேட்டுக்குத் தயாரித்தவர் பொறுப்பு என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

மீதி ஏழு செல்லும் மணல் போட்ட மண்சட்டியில், வீட்டைவிட்டுத் தள்ளிக் கொல்லையில் இருக்கின்றன. குப்பையில் போட்டால் வண்டியில் தீப்பிடிக்கும், பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டியது சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள்தான். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன் பூச்சந்தையில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், துண்டுத்தாள் நகல், உருகிய சார்ஜரின் படங்கள் 4.