அப்பாவுக்காக ஒரு நன்றி மடல்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் திருச்சி பொன்மலை அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

அப்பாவின் கருமாதி முடிந்து வீடு அடங்கிவிட்டது. தம்பி மஸ்கட் திரும்பிவிட்டான். துக்கத்துக்கு வந்த உங்களிடம் அன்றைக்கு முகம் பார்த்து நாலு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் அம்மா, தம்பி, நான் மூவர் சார்பிலும் இதை எழுதுகிறேன். அப்பா இருந்திருந்தால் "எதுக்கும்மா இதெல்லாம்" என்றிருப்பார். யாரிடமும் எதையும் கேட்காத மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்குக் கேட்காமலே செய்தவர்கள் நீங்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

1928-ல் ரயில்வே பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியபோது அதோடு வந்தவர் எங்கள் தாத்தா. அப்பாவும் அதே பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து 2006-ல் ஓய்வு பெற்றார். காலையில் சங்கு ஊதுவதற்குள் அவருடைய சைக்கிள் தெருமுனையைத் தாண்டியிருக்கும். சாயங்காலம் நேரே வீடு. டீக்கடை பெஞ்ச், சீட்டு, சங்க அரசியல் எதிலும் அவரைப் பார்க்க முடியாது. சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சந்தைக்குப் போக அதிலிருந்தே காசு வாங்கிக்கொள்வார். தம்பி பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டபோது ஒரு வார்த்தை திட்டவில்லை. ராத்திரி நாங்கள் படுத்தபிறகு அவனுடைய புத்தகத்தை எடுத்துத் தான் முதலில் படித்துக்கொண்டு, மறுநாள் அவனோடு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

தன் வேலையைப் பற்றி அவர் பெருமை பேசி நான் கேட்டது ஒரே ஒருமுறை. நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் பெரிய பழுதுபார்ப்புக்குப் பொன்மலைக்குத்தான் வரும். குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனபோது, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை எஞ்சின் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வந்ததில் பிள்ளைகளுக்கு ஏக குஷி. குன்னூரில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் குனிந்து சக்கரங்களுக்கு நடுவே இருந்த பல்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர், "நம்ம ஆளுங்க வேலைதான்" என்றார். 'நான்' என்றுகூடச் சொல்லவில்லை பாருங்கள்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில், வங்கிக் கவுன்ட்டரில் இருந்த அந்தப் பெண்ணுக்கு. அப்பாவின் கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. செல்லாது என்று திருப்பி அனுப்பியிருக்கலாம், விதிப்படி அது தப்பும் இல்லை. அவரோ என்னைத் தனியாக அழைத்து, "எழுத்து வரவர சின்னதாகிக்கொண்டே போகிறது, எங்கள் வீட்டிலும் ஒருவருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது, நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார். பார்க்கின்சன் என்று தெரிந்தது அப்படித்தான். கை நடுக்கம் வந்தால்தான் அந்த நோய் என்று பலரும் நினைக்கிறார்கள். எழுத்து சுருங்குவது, குரல் தணிவது, முகத்தில் சலனம் குறைவது எல்லாமே அதன் அடையாளங்கள்தான். எப்போதுமே மெதுவாகப் பேசுகிறவருக்குக் குரல் இன்னும் தணிந்தால் யார் கண்டுபிடிப்பது?

மருந்துக் கடைத் தம்பிக்கு. அந்த மாத்திரை நேரம் தவறினால் உடம்பு அப்படியே இறுகிப்போகும். 2020 ஊரடங்கில் ஒரு வேளைகூடத் தவறாமல் பார்த்துக்கொண்டது அவர்தான்.

பிசியோதெரபிஸ்ட்டுக்கும், அவர் சொன்னதைக் கேட்டுவந்து எங்கள் கூடத்துத் தரையில் அடிக்கணக்கில் மஞ்சள் டேப் ஒட்டிக் கொடுத்த எதிர்வீட்டுப் பையனுக்கும். நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். தரையில் கோடு இருந்தால் அதைத் தாண்டக் கால் தானாக எழும். ஆயுள் முழுக்க இரும்பில் கோடு போட்டு வேலை செய்தவர் அல்லவா, பையன் ஒட்டிய டேப் ஒன்று கோணலாக இருப்பதைக் கைகாட்டித் திருத்த வைத்தார்!

தபால்காரரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நவம்பர் வந்தால் ஓய்வூதியர்கள் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். அவர் கருவியை வீட்டுக்கே கொண்டுவருவார். ஆனால் ஃபிட்டர் கையில் ரேகை எங்கே இருக்கிறது? எல்லா விரலும் வைத்துப் பார்த்தாயிற்று, எதையும் கருவி ஏற்கவில்லை. முகத்தைக் காட்டிச் சான்று எடுக்கும் வசதி வந்ததும் நிம்மதி என்று நினைத்தோம். அதுவோ கண்ணைச் சிமிட்டச் சொல்லும். இந்த நோய் வந்தவர்களுக்குச் சிமிட்டுவதே குறைந்துவிடும். அவசரப்படுத்தாமல், "அய்யா, என்னைப் பார்த்து ஒரு கண்ணடிங்க" என்று சொல்லி அப்பாவைச் சிரிக்க வைத்து, சிரித்த நேரத்தில் எடுத்துவிட்டார். அந்த வருஷம் அப்பா சிரித்ததை நான் பார்த்தது அபூர்வம்.

கடைசி நாளைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. தம்பி வரும்வரை ஐஸ் பெட்டியோடு ராத்திரி முழுக்க விழித்திருந்த பட்டறை நண்பர்களுக்கு, அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்கு வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கு, ஓயாமாரி மயானம்வரை கூட வந்தவர்களுக்கு, அம்மாவைத் தனியே விடாமல் அருகில் படுத்திருந்த பக்கத்து வீட்டு அத்தைக்கு எங்கள் நன்றி.

ஓய்வூதியர் சங்கத்துப் பெரியவருக்கும். குடும்ப ஓய்வூதியத்துக்கு அலையவேண்டுமோ என்று பயந்திருந்தோம். பீரோவில் அப்பா ஒரு நீல ஃபைல் வைத்திருந்தார். ஓய்வூதிய ஆணை, அதில் அம்மா பெயரும் பிறந்த தேதியும், இருவர் சேர்ந்த போட்டோ, ஆதார் நகல் எல்லாம் வரிசையாக இருந்தன. வங்கிக் கணக்கையும் எப்போதோ அம்மாவோடு கூட்டுக் கணக்காக மாற்றியிருக்கிறார். அதனால் இறப்புச் சான்றிதழும் ஒரு கடிதமும் போதும் என்று சொல்லி, பெரியவரே வங்கிக்கு அழைத்துப் போய் முடித்துக் கொடுத்தார். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள், கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். அப்பாவின் வாக்கரும் சாய்த்து உயர்த்தும் கட்டிலும் நல்ல நிலையில் இருக்கின்றன. தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், பணம் வேண்டாம். சோறு வந்த பாத்திரங்களில் இரண்டு தூக்குவாளிகளும் ஒரு பெரிய அடுக்கும் இன்னும் இங்கேயே இருக்கின்றன. அடுக்கில் பெயர் வெட்டியிருக்கிறது, ஆனால் தேய்ந்துபோய்ப் படிக்க முடியவில்லை. உங்களுடையது என்றால் வருவதற்கு முந்தின நாள் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தர அவர் சம்மதிக்கமாட்டார்.